சாத்தாவாரிக் கிழங்கு காயமுதல் கறுக்குது: சீன முறையில அவிச்சு உரிச்சா சரிவருமோ?

வன்னிமேடு கேட்டது:

வணக்கம் உறவுகளே.

மாங்குளம் பக்கம் மேட்டுக்காணியில கால் ஏக்கர் சாத்தாவாரி (தண்ணீர்விட்டான் கொடி) நிக்குது. நட்டு ஒண்டரை வருசம் ஆகப்போகுது, மாசி பங்குனிக்குள்ள கிண்டுற யோசினை. ஓரத்தில சில மூடுகள் கிண்டிப் பாத்ததில கிழங்கு பெருவிரல் மொத்தம், நீளம் ஒரு முழத்துக்குக் கிட்ட. விளைச்சலில குறையில்லை. காயவைக்கிறதுதான் பிரச்சினை. கழுவித் தோலோட பாயில பரவினா தோல் சுருங்கி மண்ணிறமாகுது, உள்ளீரம் போகுதில்லை. ஒரு கிழமையால முறிச்சுப் பாத்தா நடுப்பக்கம் கறுப்பு, புளிச்ச மணம், சிலதில பூஞ்சணம். பச்சையாக் கத்தியால சீவிக் காயவைச்சாலும் சீவின முகம் அரை மணித்தியாலத்திலயே நிறம் மாறுது.

கொழும்பில மருந்துச் சரக்கு எடுக்கிற ஒருத்தர், சீனாவில தியென்மென்தோங் எண்டு விக்கிற கிழங்கு இதேதான், அது மாதிரி வெளிர் மஞ்சளா, ஒளி ஊடுருவுற பதத்தில குடுத்தா விலை கூட எண்டு சொல்லுறார். அவை அவிச்சுப்போட்டு உரிக்கிறவையாம்.

அந்த முறை எங்கட சாத்தாவாரிக்குப் பொருந்துமோ? எவ்வளவு நேரம் அவிக்கிறது, நடுவில இருக்கிற நாரை எடுக்கிறதோ விடுறதோ? ரெண்டும் ஒரே மூலிகைதானோ? கிண்டுற காலம் பற்றியும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ஒருக்காக் கிண்டினா நிப்பாட்ட ஏலாத வேலை, அதுதான் முதலே கேக்கிறன்.

---

சரக்குக்கட்டு எழுதியது:

வணக்கம். முறை நல்லாப் பொருந்தும். ஆனா ஏன் அவிக்கிறது எண்டு விளங்கிச் செய்யவேணும், இல்லாட்டி அவிச்ச கிழங்கும் பழுதாப் போகும்.

நீங்கள் சொல்லுற கறுப்பு ரெண்டு விதம். சீவின முகம் அரை மணித்தியாலத்தில நிறம் மாறுறது கிழங்கிலயே இருக்கிற நொதியத்தின்ர வேலை. வெட்டுப்பட்ட இடத்தில காத்துப் பட்ட உடன அது தொடங்கும். கொதி சூட்டில அந்த நொதியம் செத்துப்போகும், பிறகு எவ்வளவு நேரம் காத்துப் பட்டாலும் அந்த நிறம் வராது. மற்றது, தோலோட காயவைச்சதில நடு கறுத்துப் புளிக்கிறது. அது நுண்ணுயிரால வாற பழுது. சாத்தாவாரித் தோல் மெல்லிசுதான், எண்டாலும் ஈரத்தை வெளிய விடாது. உள்ள இருக்கிற சதை மரவள்ளி மாதிரி மாப்பொருள் இல்லை. பிரக்டான் எண்ட சீனி வகையும் பசைத்தன்மையும்தான் கூட. சீனியும் ஈரமும் மூடின தோலுக்குள்ள ஒரு கிழமை வெயிலில கிடந்தால் புளிக்காம என்ன செய்யும்? அதால தோல் கட்டாயம் போகவேணும், போகமுதல் நொதியம் சாகவேணும். அவிச்சுச் சூட்டோட உரிக்கிறதில ரெண்டு வேலையும் ஒண்டா முடியுது.

கிண்டின கிழங்கை அண்டைக்கே, பிந்தினாலும் அடுத்த நாள் மத்தியானத்துக்குள்ள அவியுங்கோ. அதுவரைக்கும் ஈரச் சாக்கால மூடி நிழலில வைக்கலாம், தண்ணிக்குள்ள ஊறப்போடக் கூடாது. முதலில மொத்தம் பாத்துப் பிரியுங்கோ: சுண்டுவிரல் மொத்தம் ஒரு குவியல், பெருவிரல் மொத்தம் ஒரு குவியல். கலந்து போட்டா சின்னது கரையும், பெரிசு நடுவில பச்சையா நிக்கும். ரெண்டு நுனியையும் சல்லி வேரையும் நறுக்கி மண் போகக் கழுவுங்கோ. வெட்டுறதுக்கும் அவிக்கிறதுக்கும் இரும்பு வேண்டாம், இரும்புச் சட்டியும் துருப்பிடிச்ச கத்தியும் தனியா ஒரு கறுப்பு நிறம் குடுக்கும். சில்வர் கிடாரம், சில்வர் கத்தி நல்லது.

தண்ணி தளதளவெண்டு கொதிச்ச பிறகுதான் கிழங்கைப் போடவேணும். 10 லீற்றர் தண்ணிக்கு ஒருதரத்தில ரெண்டு, ரெண்டரைக் கிலோவுக்கு மேல வேண்டாம். கூடப் போட்டா கொதி அடங்கிப்போகும், இளஞ்சூட்டில கிடக்கிற நேரம் நொதியம் சாகாம இன்னும் கெதியா வேலை செய்யும். அவிச்ச பிறகும் கறுக்குது எண்டு சொல்லுற கன பேருக்குப் பிழைக்கிறது இந்த இடத்திலதான். சின்னதுக்கு 8 முதல் 10 நிமிசம், பெருவிரல் மொத்தத்துக்கு 12 முதல் 15. மணிக்கூட்டை மட்டும் நம்பாம ஒண்டை எடுத்து ஈர்க்கால குத்திப் பாருங்கோ. வெளிச்சதை தாண்டி நடு நாரில முட்டும்வரை தடையில்லாமல் இறங்கவேணும். குறுக்கால வெட்டிப் பாத்தாலும் தெரியும்: பச்சைக் கிழங்கின்ர சதை பால்வெள்ளை, வெந்த சதை ஒளி ஊடுருவும். நடுவைச் சுத்திப் பால்வெள்ளை வளையம் மிச்சம் இருந்தா இன்னும் ரெண்டு மூண்டு நிமிசம் விடுங்கோ.

நீராவியில அவிக்கிறது இன்னும் திறம். இடியப்பத் தட்டில ஒரு அடுக்குப் பரவி 15 முதல் 20 நிமிசம். கொதிதண்ணியில சீனியும் சப்போனின் எண்ட மருந்துச் சத்தும் கரைஞ்சு போகும், ஆவியில அந்த இழப்புக் குறைவு. கால் ஏக்கர் கிழங்கை இடியப்பத் தட்டில அவிச்சு முடியாது எண்டது உண்மைதான். கிடாரத்துக்குள்ள செங்கல் அடுக்கி, மேல துளைபோட்ட தட்டு வைச்சுச் சாக்கால மூடினா பெரிய அளவிலயும் ஆவி பிடிக்கலாம்.

வெந்ததை எடுத்துக் குளிர்தண்ணியில ஒருக்கா முக்கி, கை சுடாத அளவில உடனை உரியுங்கோ. தலைப்பக்கத்தில நகத்தால ஒரு கீறல் போட்டு இழுத்தா தோல் உறையாக் கழண்டு நுனிமட்டும் வரும். ஆறவிட்டா தோல் திரும்பச் சதையோட ஒட்டிப்போகும், பிறகு சுரண்டத்தான் வேணும், சுரண்டினா சதையும் போகும். அதால ஒருத்தர் அவிக்க ரெண்டு மூண்டு பேர் உரிக்கிற கணக்கில ஆளை வைச்சு, உரிச்சு முடிக்கக்கூடிய அளவை மட்டும் அடுப்பில போடுங்கோ.

நடு நாரை எடுங்கோ. கிழங்கை நெடுக்கால கீறினா வெள்ளைத் தண்டு மாதிரித் தெரியும், தலைப்பக்கம் பிடிச்சு இழுத்தா முழுசா வரும், பசையும் கையில ஒட்டும். எங்கட மருந்து முறையில மேல்தோலும் உள்நாரும் நீக்கினதுதான் சரக்கு. சீனாவில இப்ப சந்தைக்கு வாற தியென்மென்தோங்கில நாரை எடுக்காம விடுறது வழக்கம், வெட்டுமுகத்தில மஞ்சள்வெள்ளையா நடுத்தண்டு தெரியும். அவையின்ர கிழங்கு கட்டை, உங்கட கிழங்கு நீளம், நார் தடிப்பு. நார் எடுத்துக் கீறின கிழங்கு காயிறதும் கெதி.

காயவைக்கிறதில முதல்நாள்தான் முக்கியம். நிலத்தில பாய் வேண்டாம். இடுப்பளவு உயரத்தில தடி அடிச்சு நைலோன் வலை கட்டி, அதில ஒண்டோடொண்டு முட்டாமல் ஒரு அடுக்குப் பரவுங்கோ, கீழாலயும் காத்துப் போகவேணும். காலமை எட்டு மணிக்குள்ள பரவக்கூடிய மாதிரி விடியமுதல் அவிக்கிறது நல்லது. பின்னேரத்துக்குள்ள மேற்பசை உலர்ந்து கையில ஒட்டாத நிலைக்கு வரவேணும். மத்தியானம் ஒருக்காப் பிரட்டுங்கோ. இரவில வெளிய விடாதையுங்கோ, மாசிப்பனி மூசிப் பெய்யும் எண்டு சும்மா சொல்லேல்லை, பகல் போன ஈரம் இரவோட திரும்ப வந்திடும். மூண்டாம் நாள், வெளிப்பக்கம் இறுகி உள்ள இன்னும் வளையிற பதத்தில, பின்னேரம் கடகத்தில குவிச்சுச் சாக்கால மூடி ஒரு இரவு வைச்சா உள்ளீரம் வெளிப்பக்கத்துக்கு வரும். அடுத்த நாள் திரும்ப வெயில். அரைவாசி காயாததைக் குவிக்க வேண்டாம், புளிச்சுப்போகும். நல்ல வெயிலுக்கு 5 முதல் 7 நாள் பிடிக்கும்.

உலர்த்தி வசதி இருந்தா 50 முதல் 55 பாகை. 60 ஐத் தாண்டினா மேற்பக்கம் முதல் இறுகி உள்ளீரத்தைப் பூட்டிப்போடும், நிறமும் சிவக்கும்.

10 கிலோ பச்சைக் கிழங்குக்கு ஒண்டு முதல் ஒண்டரைக் கிலோ காய்ஞ்ச சரக்கு எண்டு கணக்கு வையுங்கோ. அதுக்கு மேல யாரும் நிறை காட்டினா ஈரம் இருக்கெண்டு அர்த்தம்.

ஒரு விசயம் மட்டும் கேட்டுக்கொள்ளுறன், வெள்ளை நிறத்துக்காகக் கந்தகப் புகை போடாதையுங்கோ. சீனச் சரக்கு சிலது பளிச்செண்டு வெள்ளையா, கிட்டப் பிடிச்சா மூக்கைக் குத்துற புளிப்பு மணத்தோட வாறது அதாலதான். சீன அரச மருந்துநூலின்ர 2020 பதிப்பே தியென்மென்தோங்குக்கு அந்தப் புகையால வாற கந்தகவீரொட்சைட்டு மிச்சம் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது எண்டு வரம்பு வைச்சது. பொதுவான மூலிகைகளுக்கு அதில வரம்பு 150 தான். பால்சுரப்புக்கெண்டு பிள்ளைபெத்த பெண்கள் குடிக்கிற சரக்கு எங்கட சாத்தாவாரி. அதில அந்தப் புகை ஏறவே கூடாது.

---

குளக்கட்டு எழுதியது:

சரக்குக்கட்டு அவிக்கிறதை வடிவா எழுதிப்போட்டார். நான் கிண்டுற பக்கத்தைச் சொல்லுறன், கறுப்பில பாதி காணியிலயே தொடங்குது.

மாசி, பங்குனி சரியான காலம். மாரி முடிஞ்சு மேல்மண் காய்ஞ்சிருக்கும், ஒரு முழம் கீழ இன்னும் பதம் இருக்கும். மார்கழியில கிண்டினா கிழங்கு தண்ணி குடிச்சுப் பருத்திருக்கும், அவிச்சா வெடிக்கும், காயவும் வெயில் இராது. ஆடி மட்டும் விட்டா வேற வில்லங்கம். மாங்குளம் பக்கத்துச் செங்கபில மண் காய்ஞ்சா இறுகிப்போகும், அலவாங்கு போட்டால் கட்டி கட்டியாத்தான் பெயரும், கிழங்கும் அதோட முறியும். முறிஞ்ச முகத்தால மண்ணும் கிருமியும் உள்ள போகும். அப்பிடி முறிஞ்ச கிழங்கு எவ்வளவு கவனமா அவிச்சாலும் அந்தத் துண்டு கறுத்தபடிதான். முறிஞ்சதைப் புறம்பா எடுத்து அண்டைக்கே முறிவுக்கு அங்கால ஒரு விரற்கடை வெட்டி எறிஞ்சுபோட்டு அவியுங்கோ.

கிண்டுறதுக்கு ரெண்டு நாள் முதல் லேசாத் தண்ணி விடலாம், சேறாக்க வேண்டாம். கொடியை அரையடி விட்டு வெட்டுங்கோ, முள் கையைக் கிழிக்கும், தோல் கையுறை வேணும். மூட்டில இருந்து ஒண்டரை அடி தள்ளிச் சுத்திவர மண்வெட்டியால வாய்க்கால் எடுத்து, பிறகு அலவாங்கைச் சரிவாக் குத்தி மூட்டை அடியோட கிளப்புங்கோ. நேர மேலயிருந்து கொத்தினா நாலு கிழங்குக்கு ரெண்டு அறுபடும். கொடியில பிடிச்சு இழுத்தா மூடு மட்டும் கையோட வரும், கிழங்கு கீழ நிண்டிடும்.

கிளப்பின மூட்டை எறியாதையுங்கோ. ரெண்டு மூண்டு முளைக்கண்ணும் நாலைஞ்சு மெல்லிய வேரும் வாற மாதிரிப் பிரிச்சு, நிழலில மணலும் கூட்டெருவும் கலந்த பாத்தியில வைச்சு, கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி விட்டா ஐப்பசி மழைக்கு நடுகைக் கண்டு றெடி. பிரிச்ச முகத்தில சாம்பல் தடவுங்கோ. விதையை விட இது ஒரு பருவம் முந்தும்.

விதைதான் வேணுமெண்டா, பழம் சிவந்து கறுக்கத் தொடங்கினதும் பிடுங்குங்கோ, பிந்தினா குருவி விடாது. சதையைக் கசக்கிக் கழுவி நிழலில காயவைச்சு, ஆடி ஆவணியில ஒரு நாள் முழுக்க ஊறவைச்சு நாற்றுமேடையில போடுங்கோ. விதைக்கோது கறுப்பு, கடினம். முளைக்க மூண்டு நாலு கிழமை பிடிக்கும், அதுவும் எல்லாம் ஒண்டா வராது. முளைக்கேல்லை எண்டு மேடையைக் கிளறிப் பாத்தா பிந்தி வாறதும் போயிடும். மயில் திரியிற இடமெண்டா மேடைக்கு வலை கட்டாயம்.

அடுத்த நடுகைக்கு மேட்டுப் பாத்தி போடுங்கோ, ஒண்டரை அடி உயரம். இடைவெளி ரெண்டடிக்கு ரெண்டடி எண்டா கால் ஏக்கருக்கு 2,700, 2,800 கண்டு வரும், நடைபாதை விட்டா அதிலும் குறையும். மூட்டுக்கு ரெண்டு மூண்டு கிலோ நல்லா மக்கின மாட்டெரு போதும். மக்காத எரு போட்டா கறையானும் வெள்ளைப்புழுவும் தேடி வரும், புழு கடிச்ச ஓட்டையைச் சுத்தித்தான் அழுகல் தொடங்கும். யூரியா கூடினா கொடி கொடியா ஏறும், கிழங்கு சுண்டுவிரலோட நிக்கும். ஏறுறதுக்கு ஆளுயரத் தடி ஒண்டு நாட்டுங்கோ. கிளுவைக் கதியாலில விடுறவை இருக்கினம், கதியால் வேர்விட்டுச் சாத்தாவாரியின்ர தண்ணியையும் பசளையையும் எடுக்கும், அது எனக்குச் சரியாப் படேல்லை.

வயல்காணி, குளத்துக்குக் கீழ்ப்பக்கக் களிமண் இதுக்கு ஆகாது. கார்த்திகை மழையில தண்ணி தேங்கி நிண்டா வேர் அழுகும், மேல கொடி மஞ்சளாகிறதுக்கு முதலே கீழ எல்லாம் போயிருக்கும். மேட்டுநிலத்தில மணல் கலந்த சிவத்த மண்தான் இதுக்கு இடம்.

பன்றியும் முள்ளம்பன்றியும் வாசம் பிடிச்சு வரும். கிண்டத் தொடங்கினா அந்தந்த வரிசையை முடிச்சுப்போட்டு வாங்கோ. பாதி கிளறின வரிசையை இரவில விட்டா விடிய மிச்சம் இராது.

---

வன்னிமேடு எழுதியது:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. கொதி அடங்கிறதைப் பற்றி ஒருத்தரும் இதுவரை சொல்லேல்லை, அது இப்பதான் விளங்குது.

இன்னும் ரெண்டு கேள்வி. சரக்கு எடுக்கிறவர் சாக்கில தியென்மென்தோங் எண்டு எழுதித் தரச் சொல்லுறார். எழுதலாமோ? மற்றது, காணியில சில மூடு வேற மாதிரி நிக்குது, இலை அகலம். அதின்ர கிழங்கையும் கலக்கலாமோ? மருந்துப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் அளவும் சொன்னால் நல்லது, வீட்டுக்கு வந்து கேக்கிற சனத்துக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.

---

கைமருந்து எழுதியது:

வணக்கம். பெயர்க் கேள்விக்கு முதலில் பதில்: எழுத வேண்டாம்.

இரண்டும் ஒரே குடும்பத்து, ஒரே பேரினத்துச் செடிகள். இனம் வேறு. நம்முடைய சாத்தாவாரி, தமிழகத்தில் தண்ணீர்விட்டான், சிங்களத்தில் ஹாதாவாரிய என்று சொல்வது அஸ்பராகஸ் ரசெமோசஸ். சீனாவின் தியென்மென்தோங் அஸ்பராகஸ் கொச்சின்சினென்சிஸ். அது சீனா, யப்பான், கொரியா, வியட்நாம், லாவோஸ் பகுதிகளுக்குரியது. குய்சோ, சிச்சுவான், குவாங்சி மாகாணங்களில் அதிகம் எடுக்கிறார்கள். அதன் வேர் மெல்லியதாக ஓடி, நடுவிலோ நுனிப்பக்கத்திலோ மட்டும் கதிர் வடிவில் பருக்கும். நம்முடையது மூட்டிலிருந்தே கொத்தாகப் பருத்து நீண்டு இறங்கும். உலர்ந்த சரக்கில் தியென்மென்தோங் இரு முனையும் கூம்பி, நடுப் பருத்து, ஒரு சாண் அளவுக்குள் நிற்கும். நம்முடையதை எவ்வளவு அழகாக அவித்து உரித்தாலும் அந்த வடிவம் வராது, தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட முக்கியமானது, மருந்து எழுதும் சீன வைத்தியர் அந்த இனத்தை நினைத்து அளவு எழுதுகிறார். வேறு இனத்தை அந்தப் பெயரில் கொடுப்பது கலப்படம். சாக்கில் சாத்தாவாரி என்றே எழுதுங்கள். கொழும்பு கேபோஸ் லேன் மருந்துக்கடைகளில் அந்தப் பெயருக்கே நல்ல கேள்வி உண்டு. நார் நீக்கி வெளிர் நிறத்தில் உலர்த்திய சரக்குக்கு வேறு பெயர் தேவையில்லை.

பயனில் உறவு உண்டு என்பது உண்மை. சீன மருத்துவம் தியென்மென்தோங்கை இனிப்பும் கசப்பும் கலந்த, மிகக் குளிர்ச்சியான சரக்காக வகுத்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்ந்ததாகச் சொல்கிறது. வறட்டு இருமல், தொண்டை வறட்சி, உள்வெப்பம், மலம் இறுகல் இவற்றுக்கு அதைக் கொடுப்பார்கள். ஓபியோபோகன் என்ற வேறொரு செடியின் சிறு கிழங்கான மைமென்தோங்கும் அதுவும் சம அளவில் சேர்த்துக் காய்ச்சித் தேன் விட்டு இளகமாக்குவதும் அங்கே பழைய வழக்கம். நம் முறையிலும் சாத்தாவாரி குளிர்ச்சிதான். ஆனால் நாம் அதை முதன்மையாகப் பால்சுரப்புக்கும், வெள்ளைபடுதலுக்கும், உடற்சூட்டுக்கும், உடல் தேற்றவும் எடுக்கிறோம். குளிர்ச்சி என்பதில் ஒன்றுபட்டாலும் எதற்குக் கொடுப்பது என்பதில் இரண்டு மரபும் தனித்தனி வழி போயிருக்கின்றன. சளி கட்டிய குளிர் இருமலுக்கும், வயிறு இளகிப் போகிறவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்பதில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

இனி உங்கள் அகல இலை மூடு. கொடியில் ஒரு கணுவைப் பிடித்து உற்றுப் பாருங்கள். நாம் இலை என்று சொல்வது உண்மையில் இலையல்ல, தண்டின் மாற்றுரு. சாத்தாவாரியில் அது ஊசி மெல்லிசில், இரண்டு முதல் ஆறு வரை ஒரே கணுவில் கொத்தாக, ஓர் அங்குலத்துக்குள் நிற்கும், கணுவின் கீழே முள் இருக்கும். இரண்டு மூன்று அங்குல நீளத்தில், தட்டையாக, அரிவாள் வளைவோடு நின்றால் அது அஸ்பராகஸ் ஃபல்காட்டஸ். இலங்கையில் அதையும் ஹாதாவாரிய என்றே சொல்லி இலைக்கஞ்சிக்குப் பறிக்கிறார்கள். உங்கள் நாற்றுக்காரர் இரண்டையும் கலந்து தந்திருக்கக்கூடும். அதன் இலையைக் கஞ்சிக்கு வையுங்கள், கிழங்கைச் சரக்கோடு கலக்காதீர்கள். கிண்டிய பிறகு பிரிப்பது கடினம், ஆகவே கொடி வெட்டுவதற்கு முன்பே அந்த மூடுகளுக்குச் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

அளவு: நார் நீக்கி உலர்த்திய கிழங்குப் பொடி வளர்ந்தவருக்கு நாளுக்கு 3 முதல் 6 கிராம், பாலிலோ வெந்நீரிலோ. தியென்மென்தோங்குக்குச் சீன அரச மருந்துநூல் சொல்லும் அளவு நாளுக்கு 6 முதல் 12 கிராம். அது கியாழத்துக்கு இடும் எடை, பொடி விழுங்கும் அளவல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு 12 கிராம் பொடியை ஒரேயடியாக எடுத்தால் வயிறு பொருமும், இளகும்.

வீட்டுக்கு வந்து கேட்பவர்களில் சிலரை வைத்தியரிடம் அனுப்பியே ஆகவேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களை முதலில் சொல்கிறேன், ஏனெனில் வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத அந்த நோய் பல குடும்பங்களில் இருக்கிறது. சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், கர்ப்பிணிகள், அஸ்பராகஸ் மரக்கறி ஒவ்வாதவர்கள், இவர்களுக்கு நீங்கள் பொடி கட்டிக் கொடுக்காதீர்கள். விற்பவர் மறுப்பது மரியாதைக் குறைவல்ல. குழந்தை பெற்ற தாய்க்குப் பால் குறைவு என்று வந்தால், குழந்தை சரியாக மார்பில் பற்றுகிறதா என்று குடும்பநல மாதுவிடம் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மருந்து. பற்றுதல் சரியில்லாமல் எவ்வளவு சாத்தாவாரி குடித்தும் பலன் வராது.

---

ஒட்டுசுட்டான் காத்து எழுதியது:

இதை வாசிச்சுப்போட்டுக் காட்டில கிடக்குதுதானே எண்டு மண்வெட்டியோட வெளிக்கிடுற ஆக்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. ஒதுக்கக் காட்டிலயும் சரணாலயத்திலயும் அனுமதியில்லாமல் கிழங்கு கிண்டுறது குற்றம், வனத்திணைக்களம் பிடிச்சால் வழக்குத்தான். அதை விடப் பெரிய விசயம், மிதிவெடி முழுசா எடுத்து முடியாத பத்தைகள் வன்னியில இன்னும் இருக்கு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை தெரிஞ்சால் அங்கால போகாதையுங்கோ. பலகை இல்லாத இடமெண்டாலும், சனம் நடமாடாத பத்தைக்குள்ள அலவாங்கு குத்திற வேலை வேண்டாம். சாத்தாவாரி ஆழமாக் கிண்டுற கிழங்கு, மேலால புல்லுப் பிடுங்கிற மாதிரி இல்லை. சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கோ.

காட்டில நிக்கிறது முதிர்ந்த மூடு. ஒருக்கா அடியோட கிளப்பினா அந்த இடத்தில திரும்ப வராது. பழம் மட்டும் பிடுங்கி வந்து வீட்டில முளைக்கப்போடுறது எவ்வளவோ மேல், அதுவும் சொந்தக் காணி ஓரத்தில எண்டால்.

---

வன்னிமேடு எழுதியது:

கைமருந்து, விளக்கத்துக்கு நன்றி. சாத்தாவாரி எண்டே எழுதிக் குடுக்கிறன். அகல இலை மூடுகளுக்கு நாளைக்கே துணி கட்டிறன். கடைசிக் கேள்வி, காய்ஞ்ச சரக்கை உடனை விக்காமல் ஆவணி, புரட்டாதி மட்டும் வைச்சிருக்கலாமோ? ஓலைப்பெட்டி போதுமோ?

---

சரக்குக்கட்டு எழுதியது:

வைக்கலாம், ஓலைப்பெட்டியில வேண்டாம். முதல் சொன்ன பிரக்டான் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கிற சாமான். வைகாசியில இருந்து சோளகக் காத்து வீசுற மட்டும் வெளிய வைச்சாலும் ஒண்டும் தெரியாது. ஐப்பசியில முதல் மழை விழ, மொறுமொறு எண்டு இருந்த கிழங்கு ரெண்டு மூண்டு நாளில வளையத் தொடங்கும், பிறகு ஒண்டோடொண்டு ஒட்டும், பிறகு பூஞ்சணம்.

கட்டமுதல் காய்ஞ்சது சரியோ எண்டு பாக்க ரெண்டு வழி. ஒண்டை எடுத்து வளைச்சா பப்படம் மாதிரி சத்தத்தோட முறியவேணும், வளைஞ்சு பிறகு முறிஞ்சா காணாது. ஆனா வெயிலில இருந்து எடுத்த சூட்டோட பாக்காதையுங்கோ. சூட்டில இந்தக் கிழங்கு நல்லாக் காய்ஞ்சிருந்தாலும் இளகி வளையும். நிழலில ஆறவிட்டுத்தான் முறிச்சுப் பாக்கவேணும். மற்ற வழி தராசு. ஒரு கிலோ நிறுத்துப் புறம்பா வைச்சு இன்னொரு நாள் முழு வெயில் காட்டி, ஆறின பிறகு திரும்ப நிறுங்கோ. 10 கிராமுக்கு மேல குறைஞ்சா முழுச் சரக்கும் இன்னும் காயவேணும்.

ஆறினதும் தடிச்ச பொலித்தீன் பையில போட்டு, காத்தை அமத்தி வெளியேத்தி வாயைச் சூடுபிடிச்சு ஒட்டி, அந்தப் பையை மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளிக்குள்ள வையுங்கோ. சூடாக் கட்டினா உள்ளுக்கு வேர்க்கும், ஒரு பையில வேர்த்த தண்ணி அந்தப் பை முழுக்கவும் பழுதாக்கும். பெரிய சாக்கில ஒண்டாக் கட்டாமல் ரெண்டு கிலோ, மூண்டு கிலோவாப் பிரிச்சுக் கட்டுங்கோ, ஒண்டைத் திறந்தா மற்றது திறபடாது. நிலத்தில வைக்காமல் பலகைக்கு மேல, சுவரில முட்டாமல். இனிப்புச் சரக்கு எண்டபடியால் வண்டும் எறும்பும் வரும். வாளியின்ர கால்மாட்டில சாம்பல் போடுறது எறும்புக்கு உதவும், வண்டுக்கு உதவாது. வண்டுக்கு மாதம் ஒருக்கா ஒரு பையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறதுதான் வழி. அடியில மாத்தூள் மாதிரி தெரிஞ்சால் அந்தப் பையை உடனை வெளிய எடுத்து வெயிலில கொட்டுங்கோ.

பொடியாக்கி வைக்க வேண்டாம். கிழங்கா ஒரு வருசம் நிக்கிற சரக்கு பொடியானா ரெண்டு மூண்டு மாதத்தில கட்டிப்பட்டுப்போகும். ஆள் கேக்கக் கேக்க, ஒரு மணித்தியாலம் வெயில் காட்டி, ஆறவிட்டு இடிச்சுச் சல்லடையில அரிச்சுக் குடுங்கோ. ஆவணி, புரட்டாதி மட்டும் வைச்சு விக்கிறது சரி, ஐப்பசிக்கு முதல் முடிக்கப் பாருங்கோ. மிஞ்சினதைக் கார்த்திகையில திறக்கவேண்டி வந்தா மழையில்லாத நாள் பாத்து மத்தியானம் பதினொண்டுக்கும் மூண்டுக்கும் இடையில திறந்து, எடுக்கிற பையை மட்டும் எடுத்து உடனை மூடுங்கோ.